ஐந்தரை லட்சம் பேரின் மொழியைக் கணினி பேசுகிறது, தெரியுமா?

2008 அக்டோபர். வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில் ஒரு சாலைப் பலகை. மேலே ஆங்கிலத்தில், "கனரக வாகனங்கள் நுழையக் கூடாது, இது குடியிருப்புப் பகுதி" என்று எழுதியிருந்தது. கீழே வெல்ஷ் மொழியில் என்ன இருந்தது தெரியுமா? "நான் இப்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியவை இருந்தால் அனுப்பி வையுங்கள்!"

நடந்தது இதுதான். நகராட்சி ஊழியர்கள் ஆங்கில வாசகத்தை மொழிபெயர்ப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அவர் இடத்தில் இல்லை. அவருடைய கணக்கிலிருந்து தானியங்கிப் பதில் ஒன்று வெல்ஷில் வந்து விழுந்தது. அதுதான் மொழிபெயர்ப்பு என்று நம்பி அப்படியே பலகையில் அடித்து நட்டுவிட்டார்கள். செய்தி உலகம் முழுக்கப் பரவியது, எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பலகைக்குப் பின்னால் இருந்த கட்டாயத்தைக் கவனித்தீர்களா? வெல்ஷில் ஒரு சொல்கூடத் தெரியாத ஊழியரும் வெல்ஷில் எழுதி வைத்தே தீர வேண்டும். அந்தக் கட்டாயம் இல்லாமல் போயிருந்தால் இன்று வெல்ஷ் பேசும் கணினியும் கிடையாது, வெல்ஷைக் காதால் கேட்டு எழுதும் மென்பொருளும் கிடையாது!

எத்தனை பேருக்காக இத்தனையும்? 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வேல்ஸில் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 5,38,300 பேர். சுமார் 31 லட்சம் மக்கள் வாழும் நாட்டில், மூன்றும் அதற்கு மேலும் வயதுள்ளவர்களில் இது 17.8 சதவீதம்தான். அவர்களிலும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். அதாவது, வெல்ஷில் ஒரு பொருளை விற்காவிட்டாலும் எந்த வணிகருக்கும் ஒரு காசு நட்டமில்லை. லாபக் கணக்கு மட்டும் பார்க்கும் உலகத்தில் இந்த மொழிக்குப் பேச்சுத் தொழில்நுட்பம் பிறந்திருக்கவே கூடாது. ஆனால் பிறந்தது!

இன்னொன்றும் கேளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் பள்ளிகள் பலவற்றில், வெல்ஷ் பேசி மாட்டிக்கொண்ட குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்து யார் வெல்ஷ் பேசுகிறாரோ அவர் கழுத்துக்கு அது மாறும். பள்ளி முடியும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்குத் தண்டனை. வாயைத் திறந்ததற்காகக் குழந்தைகள் தண்டிக்கப்பட்ட அதே மண்ணில், அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று ஒலிவாங்கி முன் அமர்ந்து அதே மொழியில் வாக்கியம் வாக்கியமாக வாசித்துக் கணினிக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்!

அந்தச் சாலைப் பலகைக்குப் பின்னால் இருந்த இருமொழிச் சட்டத்துக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? அதற்குக் கொஞ்சம் கனடாவுக்குப் போய்வர வேண்டும். அங்கே ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சிமொழிகள், 1969இல் சட்டமே வந்துவிட்டது. நாடாளுமன்றத்தில் பேசுவதெல்லாம் இரண்டு மொழியிலும் அச்சாகும். அந்தப் பதிவேட்டை வரலாற்று ஆய்வாளர்கள் புரட்டுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருப்போம். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் பீட்டர் பிரவுன், ராபர்ட் மெர்சர் முதலியோர் அடங்கிய குழு அதைக் கையில் எடுத்தது. இலக்கணம் எதையும் சொல்லித் தராமல், ஆங்கில வாக்கியத்தையும் அதன் பிரெஞ்சு இணையையும் லட்சக்கணக்கில் கணினிக்கு ஊட்டினார்கள். எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் இணையாக வரக்கூடும் என்பதைக் கணினி நிகழ்தகவுக் கணக்கால் தானே கற்றது. புள்ளியியல் முறை மொழிபெயர்ப்பு இப்படித்தான் பிறந்தது. கூகுள் மொழிபெயர்ப்பு ஆரம்பத்தில் பல ஆண்டுகள் ஓடியதும் இந்த முறையில்தான்!

கனடாவின் கதை அதோடு முடியவில்லை. மொன்றியால் பல்கலைக்கழகத்தில் உருவான 'மெட்டியோ' என்ற மென்பொருள் 1977 முதல் வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றித் தள்ளியது. ஏன் வானிலை அறிக்கை? நாளெல்லாம் வந்துகொண்டே இருக்கும், திரும்பத் திரும்ப அதே சொற்கள், மொழிபெயர்ப்பாளர்கள் சலித்துப்போய் ஓடிவிடுவார்கள். அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. 2014இல் அதே மொன்றியாலில் பாதனாவ், சோ, பெஞ்சியோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஆங்கிலம், பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வைத்துச் சோதித்த ஒரு யோசனை உண்டு. மொழிபெயர்க்கும்போது மூல வாக்கியத்தின் எந்தச் சொல்மேல் கவனம் வைக்க வேண்டும் என்று கணினி தானே முடிவுசெய்யும் முறை அது. நாம் இன்று பேச்சுக்கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களின் அடிநாதம் அதுதான். இரண்டு மொழி பேசும் ஒரு நகரத்திலிருந்து வந்தது!

சரி, மறுபடி வேல்ஸ். 1967இல் ஒரு மொழிச் சட்டம், 1993இல் அதைவிட வலுவான சட்டம், 2011இல் வெல்ஷுக்கு அதிகாரபூர்வ மொழி என்ற தகுதி. 1999இல் வேல்ஸுக்கென்று சட்டமன்றம் அமைந்தபோது அதன் நடவடிக்கைகள் இரண்டு மொழியிலும் பதிவாகத் தொடங்கின. வெறும் சம்பிரதாயம், வீண் செலவு என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தக் காகிதமெல்லாம் கணினிக்குத் தீனி ஆனது! 2009இல் கூகுள் மொழிபெயர்ப்பில் வெல்ஷ் சேர்ந்தது. 2014 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, மைக்ரோசாஃப்ட் மொழிபெயர்ப்பில் வெல்ஷ் வந்தது. அந்த இரண்டாவது வேலையில் மைக்ரோசாஃப்டுடன் கைகோத்தது யார் தெரியுமா? வேல்ஸ் சட்டமன்றமே!

மொழியின் அமைப்பு மட்டும் எளிதா என்ன? வெல்ஷைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கப் போனவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பூனைக்கு வெல்ஷில் 'காத்'. ஆங்கில எழுத்தில் சி என்று தொடங்கும் சொல். 'அவனுடைய பூனை' என்றால் அந்த சி, ஜி ஆகிவிடும். 'அவளுடைய பூனை' என்றால் சிஎச். 'என் பூனை' என்றால் என்ஜிஎச்! ஒரே பூனை, நான்கு முதலெழுத்து. தமிழில் புணர்ச்சி என்றால் பெரும்பாலும் சொல்லின் கடைசியில்தான் மாற்றம் நடக்கும். 'கல்' சிலையோடு சேர்ந்து 'கற்சிலை' ஆனாலும் அகராதியில் 'க' பக்கத்தில்தான் இருக்கிறது. வெல்ஷிலோ தலையே மாறிவிடுகிறது. அகராதியில் எந்தப் பக்கத்தைத் திறப்பது? தேடுபொறி எதைத் தேடுவது? எழுத்துப்பிழை திருத்தி எதைப் பிழை என்பது?

அகரவரிசையைக் கேட்டால் இன்னும் வியப்பீர்கள். வெல்ஷில் 29 எழுத்துகள். அதில் சிஎச், டிடி, எல்எல், என்ஜி போன்ற இரட்டைகள் ஒவ்வொன்றும் ஓர் எழுத்து. உலகின் மிக நீண்ட ஊர்ப் பெயர்களில் ஒன்று வேல்ஸில், லான்வைர்புல்க்வின்கில் என்று தொடங்குவது. ஆங்கிலக் கணக்கில் 58 எழுத்து, வெல்ஷ் கணக்கில் 51! சரி, என்ஜி இரட்டையைக் கண்டால் ஒரே எழுத்தாக எடுத்துக்கொள் என்று கணினிக்குச் சொல்லிவிட்டால் போதுமா? போதாது. பாங்கர் என்ற ஊரின் பெயரில் என் தனி, ஜி தனி. சில சொற்களில் ஓர் எழுத்து, சில சொற்களில் இரண்டெழுத்து. பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது, சொல்லைத் தெரிந்திருக்க வேண்டும். இத்தனைக்கும் மேலே, தொப்பி போட்ட டபிள்யூவும் தொப்பி போட்ட ஒய்யும் வெல்ஷில் உயிரெழுத்துகள். 'வீடு', 'தண்ணீர்' போன்ற அன்றாடச் சொற்களிலேயே அவை வரும். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கென்று வகுத்த முதல் கணினிக் குறியீட்டில் அவற்றுக்கு இடமே ஒதுக்கவில்லை! எழுத்துருக் குழப்பத்தில் தமிழர் பட்ட பாடு நமக்குத் தெரியும், ஆகவே அவர்கள் வலி புரியும்.

இந்தச் சிக்கலையெல்லாம் அவிழ்த்தவர்கள் அந்தப் பாங்கர் ஊரில்தான் இருக்கிறார்கள். பாங்கர் பல்கலைக்கழகத்தின் கனோல்வன் பெட்விர் என்ற மையம், அதற்குள் ஒரு சிறு மொழித் தொழில்நுட்பக் குழு. 'கசில்' என்ற வெல்ஷ் பிழைதிருத்தியை உருவாக்கியது அவர்கள்தான். அதன் இணைய வடிவத்தில் மக்கள் தங்கள் கடிதங்களையும் கட்டுரைகளையும் ஒட்டித் திருத்திக்கொள்கிறார்கள். அப்படி வந்த எழுத்தைச் சேர்த்து ஒரு தரவுத் தொகுப்பாகவே ஆக்கிவிட்டார்கள்! புத்தக மொழி வேறு, மக்கள் எழுதும் மொழி வேறு அல்லவா? மக்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதும் ஆராய்ச்சிக்குத் தங்கமாயிற்று.

கணினிக்கு வெல்ஷ் குரல் கிடைத்த கதை இன்னும் விசேஷம். 2004 முதல் 2006 வரை வேல்ஸும் அயர்லாந்தும் சேர்ந்து ஒரு திட்டம் நடத்தின. வெல்ஷ், ஐரிஷ் இரண்டுக்கும் எழுத்தைப் பேச்சாக்கும் கருவிகளை உருவாக்குவது நோக்கம். அதற்குப் பிறகு, இன்னும் இயல்பான குரல் வேண்டும் என்று முன்னின்றவர்கள் பார்வையற்றோர். கடிதத்தையும் செய்தியையும் திரைவாசிப்பான் வாசித்துச் சொன்னால்தானே அவர்கள் அறிய முடியும்? வெல்ஷ் வாக்கியத்தை ஆங்கில உச்சரிப்பில் கேட்டுப் பாருங்கள், ஒன்றும் விளங்காது. அவர்களுக்கான தொண்டு அமைப்பின் முயற்சியில், போலந்து நாட்டு நிறுவனமான இவோனா 2010 வாக்கில் 'க்வினெத்', 'கெரெய்ன்ட்' என்ற இரு குரல்களைச் செய்து தந்தது. 2013இல் அந்த நிறுவனத்தை அமேசான் வாங்கியது. பார்வையற்ற வெல்ஷ்காரர்கள் கேட்டு வாங்கிய க்வினெத்தின் குரல், அமேசானின் மேகக் கணிமைச் சேவைக்குள் இப்படித்தான் போய்ச் சேர்ந்தது!

பேசுவது ஒரு பாதி. கேட்பது அதைவிடக் கடினம். கணினி ஒரு மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஆயிரக்கணக்கான மனிதர்களின் குரல் வேண்டும். ஆண், பெண், கிழவர், சிறுவர், வடக்கத்தி வழக்கு, தெற்கத்தி வழக்கு எல்லாம் கலந்திருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்க வேல்ஸிடம் அவ்வளவு பணம் ஏது? பாங்கர் குழு 'பல்டாரியோ' என்ற கைபேசிச் செயலியை வெளியிட்டு, மக்களே, உங்கள் குரலைக் கொடுங்கள் என்று கேட்டது. மக்கள் கொடுத்தார்கள்! பிறகு மோசில்லா நிறுவனம் 'காமன் வாய்ஸ்' என்ற குரல்கொடைத் திட்டத்தை 2017இல் ஆங்கிலத்தில் தொடங்கியது. 2018 ஜூனில் பிற மொழிகளுக்கும் திறந்தபோது முதல் வரிசையில் வந்தவை எவை தெரியுமா? ஜெர்மன், பிரெஞ்சு, வெல்ஷ்! கோடிக்கணக்கானோர் பேசும் இரண்டு பேரரசு மொழிகளுக்குப் பக்கத்தில், ஐந்தரை லட்சம் பேரின் மொழி. தன்னார்வலர்கள் முன்கூட்டியே உட்கார்ந்து வாக்கியங்களைத் தயார்செய்து வைத்திருந்தால்தான் இப்படி முந்திக்கொள்ள முடியும். எண்ணிக்கையை ஊக்கம் வென்ற இடம் இது என்பேன்.

அந்தக் குரல்களிலிருந்து 'மக்சென்' வந்தது. வானிலை என்ன, மணி என்ன, செய்தி என்ன என்று வெல்ஷில் கேட்டால் வெல்ஷில் பதில் சொல்லும் உதவியாளர். மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது. பேச்சை எழுத்தாக்கும் இணையச் செயலியும் வந்தது.

ஆனால் இவையனைத்திலும் என்னை உலுக்கியது 'லெய்ஷ்யூர்' என்ற திட்டம்தான். தொண்டைப் புற்றுநோயாலோ நரம்பு நோயாலோ குரலை இழக்கப்போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காக. மருத்துவர் நாள் குறித்துவிட்டார், அறுவைக்குப் பிறகு பேச முடியாது. அதற்கு முன் அவர் கணினி எதிரே அமர்ந்து கொடுத்த வாக்கியங்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். அந்தப் பதிவிலிருந்து அவர் குரலையே ஒத்த செயற்கைக் குரல் தயாராகிறது. பிறகு அவர் தட்டச்சு செய்தால், அவர் குரலில் கணினி பேசும். ஆங்கிலத்தில் இந்த வசதி முன்பே இருந்தது. வெல்ஷில் இல்லை. நினைத்துப் பாருங்கள், வாழ்நாளெல்லாம் மனைவியிடமும் பேரப் பிள்ளைகளிடமும் வெல்ஷிலேயே பேசிய ஒருவர், குரல் போன மறுநாளிலிருந்து வீட்டுக்குள் ஆங்கிலம் பேச வேண்டும்! பாங்கர் குழுவும் வேல்ஸின் பொதுச் சுகாதாரச் சேவையும் சேர்ந்து அந்தக் கொடுமையை மாற்றின. லெய்ஷ்யூர் இரண்டு மொழியிலும் பேசும். சிறிய மொழிக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு பதில் போதும்.

இருமொழி நாட்டில் இன்னொரு வினோதமும் உண்டு. மக்கள் எந்த மொழியையும் தனியாகப் பேசுவதில்லை! பாதி வாக்கியம் வெல்ஷ், மீதி ஆங்கிலம். ஆங்கிலச் சொல்லுக்கு வெல்ஷ் விகுதி. 'கால் பண்றேன், மெசேஜ் போடு' என்று பேசும் நமக்கு இது புதிதல்ல. இப்படிக் கலந்த பேச்சைக் கணினி எப்படிக் கேட்கும்? பாங்கர் பல்கலை ஆய்வாளர்கள் 'ஷாராட்' என்ற தொகுப்பில் 151 பேரின் இயல்பான உரையாடலைச் சுமார் 40 மணி நேரம் பதிவுசெய்து, சொல்லுக்குச் சொல் எது எந்த மொழி என்று குறித்துவைத்தார்கள். 2020இல் கோர்கென் என்ற தேசிய மொழித் தொகுப்பும் வெளியானது. பேச்சு, எழுத்து, குறுஞ்செய்தி, வலைப்பக்கம் எல்லாம் சேர்த்து 1 கோடியே 10 லட்சம் சொற்கள்!

அரசு என்ன செய்தது? 2017இல் 'கம்ராய்க் 2050' என்ற திட்டத்தை அறிவித்தது. 2050க்குள் வெல்ஷ் பேசுபவர்களை 10 லட்சமாக்குவது இலக்கு. மறு ஆண்டே மொழித் தொழில்நுட்பத்துக்கென்று தனிச் செயல்திட்டம். பேச்சுத் தொழில்நுட்பம், கணினி உதவியுடன் மொழிபெயர்ப்பு, உரையாடும் செயற்கை நுண்ணறிவு என மூன்றே குறி. ஆனால் அதன் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது. அரசுப் பணத்தில் உருவாகும் தரவும் நிரலும் திறந்த உரிமத்தில் எல்லோருக்கும் போய்ச்சேர வேண்டும் என்றார்கள். அரசின் மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்துவைத்த வாக்கிய இணைகளைக்கூட வெளியிட்டுவிட்டார்கள். ஏன்? பெரிய நிறுவனங்களிடம் போய், எங்கள் மொழியையும் சேருங்கள் என்று கேட்கும்போது வெறுங்கையோடு நிற்க வேண்டாம் என்பதற்காக. இதோ தரவு, எடுத்துக்கொள், சாக்குச் சொல்லாதே! இதைவிட நல்ல உத்தி எனக்குத் தெரியவில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டங்கள் எல்லாம் கணினித் திரைக்கு மாறினவே, அப்போது பார்த்தால் மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் உடனடி வாய்மொழிபெயர்ப்பு வசதியே இல்லை. மன்றக் கூட்டத்தில் ஒருவர் வெல்ஷில் பேசினால், வெல்ஷ் தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலக் குரல் கேட்க வேண்டுமல்லவா? அது முடியாதென்றால் எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், மொழி ஒரே ஆண்டில் அலுவலகத்தை விட்டு வெளியேறிவிடும். வேல்ஸ் அரசு அந்த நிறுவனத்தோடு சேர்ந்து உழைத்தது. 2022இல் வசதி வந்தது, அதுவும் வெல்ஷுக்கு மட்டுமல்ல. வேறு நாடுகளில் வேறு மொழிகளில் கூட்டம் நடத்துகிறவர்கள் இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள். 2025இல் லண்டன் பல்கலைக் கல்லூரியும் பாங்கரும் என்விடியா நிறுவனமும் கைகோத்து வெல்ஷில் சிந்தித்துப் பதில் சொல்லும் மொழி மாதிரியை அறிவித்தன. அதற்குப் பயிற்சி தந்தது பிரிஸ்டலில் உள்ள இசாம்பார்ட் மீக்கணினி.

இப்போது நம் பக்கம் வருவோம். இலங்கையில் சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகள். மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரசு ஆவணங்களையே தரவாக்கி, சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே மொழிபெயர்க்கும் 'சிதா' என்ற மென்பொருளை உருவாக்கியிருக்கிறார்கள், தெரியுமா? வடக்கில் ஒருவருக்குச் சிங்களத்தில் மட்டும் வந்து சேரும் அரசுக் கடிதம் என்ன வேதனை தரும் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்தியாவின் 22 அட்டவணை மொழிகளுக்கும் மொழிபெயர்ப்பு மாதிரிகளை உருவாக்கித் திறந்த உரிமத்தில் தந்திருக்கிறது. அவற்றில் தமிழும் உண்டு.

தமிழகத்திடமும் இப்படித் தரவாக்கக்கூடிய அரசு ஆவணங்கள் உண்டு. நிதிநிலை உரை ஆண்டுதோறும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியாகிறது. அரசாணைகளும் அறிக்கைகளும் மலைபோல் இருக்கின்றன. கனடா பதிவேடு உலகத்துக்குத் தந்ததை இவையும் தமிழுக்குத் தர முடியும். ஒளிநகல் படங்களாகப் பூட்டிவைத்தால் முடியாது. வாக்கியத்துக்கு வாக்கியம் இணைத்து, ஒருங்குறி எழுத்தில், திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும். சென்னையில் இருக்கும் அரசும் கொழும்பில் இருக்கும் அரசும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் அரசுக்காகக் காத்திருக்க வேண்டாம். காமன் வாய்ஸ் தளத்தில் தமிழ் இருக்கிறது. திரையில் வரும் வாக்கியத்தை உங்கள் ஊர்ப் பேச்சின் வாசனையோடு வாசியுங்கள். நெல்லை, கொங்கு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், எல்லாக் குரலும் அங்கே வேண்டும். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து வாக்கியம்தான், இன்றைக்கே வாசித்துவிடுங்கள்.